மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட தேநீர்

வாயில் ஒரு மிடறு தேநீரை வைத்துக்கொண்டு, விழுங்கவும் மனமில்லாமல் துப்பவும் வழியில்லாமல் ஒரு டாக்டர் விழித்ததை நான் பார்த்திருக்கிறேன். சேரம்பாடிக்கு அந்தப் பக்கம், மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடு, தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, எதிரே நின்ற பெண்ணின் கையில் இருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. அந்த வீட்டு மாமியார் பதறிப்போய், "என்னா டொக்டர் ஐயா, சூடு கூடிப்போச்சா? சீனி காணாதா?" என்று கேட்டார். சூடும் சரியாகத்தான் இருந்தது, சீனியும் சரியாகத்தான் இருந்தது. பிறகு எதற்கு அந்த முழி என்று சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த டாக்டர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். கொரோனா அடங்கி, நாங்கள் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் நிலையத்துக்கு ஓர் இயற்கை மருத்துவர் வரப்போகிறார் என்று உத்தரவு வந்தது. இயற்கை மருத்துவர் என்றதும் எங்கள் மனதில் ஓர் உருவம் வந்துவிட்டது. ஒல்லியாக, வெள்ளை உடையில், நீளத் தாடியோடு, காற்றைக் குடித்து வாழ்கிறவர் மாதிரி ஒருவர். ஜீப்பிலிருந்து இறங்கியவரோ குள்ளமாக, நல்ல தொப்பையோடு, காதுவரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லாவுக்குள் பல் கிட்டித்துப்போய் நின்றார். ராமநாதபுரத்துக்காரர். மழை என்றால் வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிற சொந்தக்காரர் என்று நினைத்து வளர்ந்தவரை, மழை வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குப் பின்னால் ஜீப்பிலிருந்து பிளாஸ்டிக் தொட்டிகள், வாளிகள், துணிச் சுருள்கள், கடைசியாக இரண்டு மூட்டை மண் இறங்கின. எங்கள் வாட்ச்மேனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நிலையத்தின் பின்பக்கக் கழிவறைச் சுவர் இடிந்து ரொம்ப நாளாகக் கிடந்தது. "ஏனுங்க, சிமெண்டு பின்னாடி வருதுங்களா?" என்று அவரிடமே போய்க் கேட்டார். டாக்டர் குல்லாவைத் தூக்கிக் காதை வெளியே எடுத்து, கேள்வியை மறுபடி கேட்டுவிட்டு, "இது வயித்துல பூசுற மண்ணுண்ணே" என்றார். அன்று சாயந்திரத்துக்குள் அவருக்கு மண்ணு டாக்டர் என்று பெயர் வந்துவிட்டது. கடைசி நாள் வரைக்கும் அந்தப் பெயர்தான்.

எங்கள் ஜனங்களுக்கு டாக்டர் என்றால் ஊசி போட வேண்டும். ஊசி இல்லாவிட்டால் கலர் கலராக மாத்திரையாவது தர வேண்டும். இரண்டுமில்லாமல் "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறீங்க, வெளிக்குச் சரியாப் போகுதா" என்று விசாரிக்கிறவரை எதில் சேர்ப்பது? முதல் சில வாரங்கள் அவர் அறையில் அவரும் அவருடைய மண்ணும்தான். எனக்கே பாவமாக இருந்து, கொழுந்து கிள்ளி வந்து கால் வீங்கிப்போன பெண்கள் இரண்டு மூன்று பேரை வலியத் தள்ளிக்கொண்டு போய் அவர் அறையில் விட்டேன். அவர் ஒரு வாளி வெந்நீரில் காலை விடச் சொல்லி, தலையில் ஒரு ஈரத்துணியைப் போட்டு உட்கார வைத்தார். நாள் முழுக்க ஈரத்தில் நின்ற காலுக்கு வெந்நீரைப் போலச் சுகம் வேறென்ன இருக்கிறது? அடுத்த வாரம் அவர்கள் ஆளுக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் நன்றி மிகுதியில், டாக்டர் கொண்டுவந்த மண் தீர்ந்துவிடுமே என்று தேயிலைச் செடியடி மண்ணை ஒரு சாக்கு நிறையச் சுமந்து வந்தார். டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல கடைசியா எப்பம்மா மருந்தடிச்சாங்க?" என்று கேட்டார். "போன வாரந்தானுங்க" என்றதும், மூட்டையைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்து என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சர்க்கரை நோய்க்கார ஃபேக்டரித் தொழிலாளி ஒருவர், "இனி உங்க வைத்தியமே போதுங்க, இந்த மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுடறேன்" என்று வந்தபோது, டாக்டருக்கு வந்த கோபத்தை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "மாத்திரையை எறிஞ்சா எங்கிட்ட வராதீங்க. மாத்திரையும் வேணும், நடையும் வேணும், வாயும் அடங்கணும். மூணும் சேர்ந்துதான்" என்றார். எங்கள் மெடிக்கல் ஆபீசர் பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய டாக்டரம்மா என்று நாங்கள் சொல்வது அவரைத்தான், கோயம்புத்தூர்க்காரர். அதுவரை இவரை ஒரு கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து இரண்டு கண்ணாலும் பார்க்க ஆரம்பித்தார்.

மண்ணு டாக்டரிடம் ஒரே ஒரு பலவீனம் இருந்தது. அவர் படித்த படிப்பு தேநீரை ஒதுக்கச் சொல்கிறது. வந்த புதிதில் அவரும், "நான் டீ, காபி தொடறதில்ல சிஸ்டர்" என்று பெருமையாகத்தான் சொன்னார். எங்கள் குளிர் அந்தப் பெருமையை ஒரு வாரத்தில் கழற்றி வைத்தது. முதலில் அரை தம்ளர், பிறகு முழுத் தம்ளர், பிறகு எல்லோருக்கும் ஊற்றி முடித்த பின் கெட்டிலில் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது என்று வளர்ந்தது. லைன் வீடுகளுக்கு நாங்கள் போகிற நாட்களில் அவரும் பையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குப் பாதிக் காரணம் மக்கள் சேவை. மீதிப் பாதி அந்த வீடுகளில் கிடைக்கிற, பால் விடாத சாயத் தேநீர்தான் என்று நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். கோத்தகிரிப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். மாமியார் சிறுபிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். லைனை இன்னும் லயம் என்றுதான் சொல்வார், தேநீரைத் தேத்தண்ணி என்பார். மருமகளுக்குத் தலைப் பிரசவம். ஆனால் உடம்பில் ரத்தம் இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒவ்வொரு மாதமும் நான் அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை எண்ணிக் கொடுத்தேன், ஒவ்வொரு மாதமும் விரலில் குத்தி ரத்த அளவைப் பார்த்தோம், அளவு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

இதில் விளையாட இடமில்லை. பிரசவத்தில் எல்லாப் பெண்ணுக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். இருக்கிறவள் தாங்கிக்கொள்வாள். இல்லாதவளுக்கு அந்தக் கொஞ்சமே உயிரைக் கொண்டுபோய்விடும். பெரிய டாக்டரம்மாவுக்கு அந்தக் கவலைதான் கோபமாக வந்தது. "ஏம்மா, மாத்திரையைத் தின்னறயா, இல்ல தேயிலைக் காட்டுல வீசறயா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்று அந்த மாத்திரையை வீசுகிற பெண்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாரியாத்தா சத்தியமா முழுங்கறனுங்க. ஒரு நாள் கூட விட்டதில்லைங்க" என்றாள். டாக்டரம்மா நம்பவில்லை. "அடுத்த மாசமும் ஏறலைன்னா ஊசி வழியா மருந்து ஏத்தணும். பிரசவத்துக்கும் இங்க வெச்சுக்க முடியாது. ரத்தம் கையில இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று சொல்லி அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மலையை வளைந்து வளைந்து கடக்க வேண்டும். நேரங்கெட்ட நேரத்தில் வலி எடுத்தால் வழியில் யானை நிற்கும். யானை நகரும்வரை ஆம்புலன்ஸும் நிற்கும்.

அதற்கடுத்த வாரம்தான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி, அந்தத் தேநீர். மாமியார் ஆளுக்கொரு தம்ளர் கொடுத்தார். மண்ணு டாக்டர் ஒரு வாய் இழுத்துவிட்டுக் கண்ணை மூடிச் சொக்கிப்போனார். மருமகள், நாங்கள் வந்திருக்கிற தைரியத்தில், தன்னை நம்பாதவர்களுக்கு நேரிலேயே காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய் மாத்திரையை எடுத்து வந்தாள். "பாருங்க சிஸ்டர், இப்பத்தான் சாப்பிட்டேன், இப்ப முழுங்கறேன், நல்லாப் பாத்துக்குங்க" என்று நாக்கில் வைத்தாள். கையிலிருந்த தம்ளரைத் தூக்கி ஆவி பறக்கிற சாயத் தேநீரை மடக்கென்று குடித்து, மாத்திரையை உள்ளே தள்ளினாள். வாயைத் திறந்தும் காட்டினாள்.

டாக்டர் விழித்தது அப்போதுதான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், அதையேதான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? எங்கள் ஊரில் மாத்திரையை அப்படித்தான் விழுங்குவோம். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை யார் குடிப்பார்கள்? காய்ச்சல் மாத்திரையா, தேநீர். தலைவலி மாத்திரையா, தேநீர். சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு தேநீர். நானே அப்படி விழுங்கி வளர்ந்தவள். மழையும் குளிரும் அறியாத ஊரிலிருந்து வந்த ஒருவருக்குத்தான் அது கண்ணில் பட்டது. கடைசியில் அவர் அந்த மிடற்றை எப்படியோ விழுங்கிவிட்டு, "எப்பவும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார். "எப்பவும் இப்படித்தானுங்க" என்றாள் அவள், இதில் என்ன கேள்வி என்கிற முகத்தோடு.

அவர் பொறுமையாகச் சொன்னார். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தையும் மாத்திரையில் இருக்கிற இரும்புச்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேநீரின் சாயம் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை உள்ளே போகிறது, வேலை செய்யாமல் வெளியே போகிறது. அவள் பொய் சொல்லவில்லை. இதைக் கேட்டதும் மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் 'இப்பவாவது நம்பறீங்களா' என்பது முழுவதும் எழுதியிருந்தது. மாமியாருக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். "தேயிலதான் எங்களுக்குச் சோறு. எங்க அம்மா, அவங்க அம்மா எல்லாரும் தேத்தண்ணி குடிச்சுத்தான் பிள்ள பெத்தாங்க. அத விசம்னு சொல்றீங்களா?" என்றார்.

"விஷமில்லம்மா. நான் ரெண்டாவது தம்ளர் கேக்கலாம்னு இருந்தவன். நேரந்தான் ஆகாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் தேநீர் வேண்டாம். நடுவுல குடிக்கட்டும்."

மாமியார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். லைனில் தேநீர் அப்படி மணி பார்த்து வருவதில்லை. எழுந்ததும் ஒன்று, வேலைக்குப் போகுமுன் ஒன்று, காட்டில் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரி வந்தால் ஒன்று, அவள் போனதும் ஒன்று. இதற்குள் ஒரு மணி நேரத்தை எங்கே தேடுவது? "இந்த ஒரு மணி, ரெண்டு மணிக் கணக்கெல்லாம் எங்களுக்குச் சரிவராது டொக்டர் ஐயா" என்றார் கடைசியில். "விட்டா முழுசா விடணும். நான் மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிறேன். பிள்ள பொறக்கிற வரைக்கும் இந்த வீட்டுல தேத்தண்ணி கிடையாது. அவளுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது." சொல்லிவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய்த் தேயிலை டப்பாவை எடுத்து வந்து, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தார். திரும்பி வந்து டாக்டரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் விடணும்."

"நானா?"

"சொல்றவங்க குடிச்சா சாமி ஏத்துக்குமா?"

டாக்டருடைய முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆசை ஆசையாகக் கேட்கவிருந்த இரண்டாவது தம்ளரை ஒருமுறை பார்த்தார். மருமகளின் வெளுத்த இமையை ஒருமுறை பார்த்தார். "சரிம்மா" என்றார். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். தவக்காலத்தில் கறியை விடுவோம், மீனை விடுவோம், பூ வைப்பதைக் கூட விடுவோம். எங்கள் மலையில் தேநீரை விட்டவர்களை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு அன்று அந்த மாமியார் மேல் பெரிய மரியாதை வந்தது. டாக்டர் மேல் வந்தது மரியாதையா இரக்கமா என்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. லைன் வீடுகளில் ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டுக்குச் சுவர் வழியாகவே போய்விடும். நேர்த்திக்கடன் என்று கேட்டதும் வாயும் வயிறுமாக இருந்த இன்னும் சில பெண்களின் வீடுகளிலும் தேயிலை டப்பாக்கள் சாமி படத்துக்குப் பின்னால் ஏறின. குழந்தை வேண்டியவர்கள் சேர்ந்தார்கள். காரணமே இல்லாமல் ஒன்றிரண்டு கிழவர்களும் சேர்ந்தார்கள். மீதிப் பேர், "தேயிலக் கம்பெனிய இழுத்து மூடிட்டுத்தான் மண்ணு டாக்டர் ஊருக்குப் போவாரு" என்று கேலி செய்தார்கள். சில நாட்களில் எங்கள் நிலையத்துக்குத் தலைவலி என்று ஒருவர் பின் ஒருவராக வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் அந்த ஒரே லைன். பெரிய டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். "என்ன சிஸ்டர், புதுசா ஏதாவது காய்ச்சல் பரவுதா? கொசு மருந்து அடிக்கச் சொல்லலாமா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து அறையைக் காட்டினேன். அங்கே மண்ணு டாக்டர் தலையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, தன் தலைவலிக்குத் தானே வைத்தியம் பார்த்தபடி நாற்காலியில் சாய்ந்து கிடந்தார்.

எல்லாம் தேநீரை விட்ட தலைவலி. அப்போதுதான் பெரிய டாக்டரம்மாவுக்கு முழுக் கதையும் தெரிந்தது. அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் இதைப் பரீட்சையில எழுதியிருக்கேன். எந்தத் தண்ணியில முழுங்கறேன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையே" என்றார். அடுத்த முறை மருமகள் வந்தபோது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உன்னையச் சும்மா திட்டிப்போட்டேன் கண்ணு" என்றார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, "பரவாயில்லைங்க" என்று தரையைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது.

தேநீர் இருந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டுமே. மண்ணு டாக்டர் சுக்கும் கொத்தமல்லியும் தட்டிப்போட்டு ஒரு வெந்நீர் சொல்லிக் கொடுத்தார். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தேத்தண்ணி இல்ல, புளி போடாத ரசம்" என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் காய்ச்சினார். மாத்திரைக்கு எலுமிச்சம்பழம் பிழிந்த வெதுவெதுப்பான தண்ணீர். வீட்டுக்குப் பின்னால் தானாக வளர்ந்த மணத்தக்காளி, முருங்கை, கொய்யா எல்லாவற்றுக்கும் வேலை வந்தது. தேயிலைச் செடிக்கு நடுவில் முளைக்கிற கீரையை மட்டும் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அதில் பூச்சி மருந்து பட்டிருக்கும். காலையில் கேழ்வரகுக் கூழ். அங்கன்வாடியில் கொடுக்கிற முட்டையைப் பற்றி மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "எங்க படிப்பு அதை அவ்வளவாச் சிலாகிக்காது. ஆனா நீ சாப்பிடும்மா, என் படிப்புகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அவள் எல்லாவற்றையும் தின்றாள். சுக்குத் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கீரையைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று ஒரு நாள் அழுதாள், அழுதுகொண்டே தின்றாள்.

அடுத்த மாதம் விரலில் குத்தினோம். அளவு நகர்ந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் நகர்ந்திருந்தது. பெரிய டாக்டரம்மா இன்னொரு விரலில் குத்தி மறுபடி பார்க்கச் சொன்னார். மறுபடியும் அதே. "இன்னும் ஏறணும்" என்றார் கண்டிப்பாக, ஆனால் குரலில் பழைய கோபம் இல்லை. மண்ணு டாக்டர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சந்தோஷத்தில் ஆடுகிறாரோ என்று பார்க்கப் போனேன். பதினொரு மணித் தேநீர் வாசம் அறைக்குள் வராமல் இருக்கக் கதவிடுக்கில் துணியை அடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த மாதம் இன்னும் ஏறியது. பிரசவத்தை இங்கேயே பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லுகிற அளவுக்கு வந்தது. ஆனாலும் ஆம்புலன்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். வலி எடுத்தது ஒரு மழைநாள் முற்பகலில். மாமியார் கொழுந்துக் கூடையைக் காட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். பிரசவ அறையில் பெரிய டாக்டரம்மாவும் நானும். உள்ளே மண்ணு டாக்டருக்கு வேலையில்லை. அவர் வெளியே வராண்டாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தார் என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். பிறந்த கையோடு ஊரைக் கூட்டுகிற அழுகை. நஞ்சுக்கொடியும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்காமல் வர ஆரம்பித்தது. வழக்கமாகப் போகிறதைவிடக் கூடுதலாகப் போனது. நான் ஊசியைப் போட்டேன், டிரிப்பை ஓட விட்டேன், டாக்டரம்மா அவள் வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது முடியவே முடியாது போலிருந்தது. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டாள். "ஆகாது கண்ணு" என்றேன். சொல்லும்போது எனக்கே நிச்சயமில்லை. உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ரத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

டாக்டரம்மா நாடியைப் பார்த்தார், ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பு இன்னும் மிச்சம் இருந்தது. கையுறையைக் கழற்றினார். "மூணு மாசத்துக்கு முன்னாடி இருந்த உடம்பா இருந்தா இந்நேரம் நம்ம கையில இல்லை சிஸ்டர்" என்று என் காதருகே சொன்னார். எனக்குத் தெரியும். ரத்தத்தை நிறுத்தியது எங்கள் ஊசிதான். ஆனால் போனது போக அவளிடம் மீதி இருந்ததே, அது ஊசியில் வந்ததில்லை.

இப்போது நான் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு நிலையத்தில் இருக்கிறேன். இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் மாத்திரையைத் தேநீரில்தான் விழுங்குகிறார்கள். கர்ப்பிணிப் பெண் யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, எந்தத் தண்ணியில் முழுங்கறீங்க என்பதுதான். புதிதாக வந்த நர்ஸ் பெண்கள், இந்த அக்காவுக்கு இது ஒரு பைத்தியம் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மண்ணு டாக்டர் மாற்றலாகிச் சமவெளிக்குப் போய்விட்டார். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறதாம். போனில் பேசும்போதெல்லாம் மழை பெய்கிறதா என்று ஆசையாகக் கேட்பார். யாராவது என்னிடம் வந்து, இந்த இயற்கை வைத்தியத்தால் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டால், நான் விளக்கமெல்லாம் சொல்வதில்லை. அந்த மழைநாளின் இரவை மட்டும் சொல்வேன்.

தாயையும் பிள்ளையையும் வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தோம். எல்லோருக்கும் பயம் தெளிந்து, பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே வந்துகொண்டிருந்தது. மாமியார் பேத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எல்லாம் மாரியம்மா செஞ்சது. நேர்ந்துக்கிட்டத அவ கைவிடல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் விடுவேனா? "மாரியம்மா சரி, நானும் மாதாவைக் கூப்பிட்டேன். நேரத்துக்குப் போட்ட ஊசிக்குப் பங்கு கிடையாதா?" என்றேன். வாசலில் நின்ற வாட்ச்மேன், "ஊசி சரிங்க, மண்ணு டாக்டரு கண்ணுல படலைன்னா ஊசி என்ன பண்ணியிருக்கும்?" என்று உள்ளே நுழைந்தார். மண்ணு டாக்டர் அவசரமாகக் கையை ஆட்டி, "ஐயோ, நான் டீ குடிக்கப் போனவன். டாக்டரம்மா இல்லைன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்?" என்றார். டாக்டரம்மா, "நான் என்ன பண்ணேன், சிஸ்டரைக் கேளுங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். இப்படி ஆளுக்காள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. நாங்கள் எல்லோரும் திரும்பினோம். மருமகள் களைத்துப்போய், தலையை மட்டும் தலையணையிலிருந்து தூக்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. குமட்டக் குமட்டக் கீரையத் தின்னது நானு. மூக்கப் புடிச்சுட்டு அந்தக் கசாயத்தக் குடிச்சது நானு. பெத்ததும் நானு. ஒரு பேச்சுக்காச்சும் எம்பேரச் சொல்றீங்களா?"